காங்கேயம் டோப்போஷீட்டும் மேப்பில் இல்லாத கொறங்காடும்

ஹாலிவுட் கௌபாய் படங்களில் வரும் 'ரான்ச்' எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் வேலி, உள்ளே மாடுகள், தொப்பி போட்டுக் குதிரையில் ஒரு ஆள். அப்படி ஒன்று நம் தமிழ்நாட்டிலும் உண்டு என்று சொன்னால் என் வகுப்பில் பாதிப் பேர் சிரிப்பார்கள். குதிரையும் தொப்பியும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலி உண்டு, வேலிக்குள் மேய்ச்சல் நிலம் உண்டு, மேய்ப்பவன் இல்லாமல் தானாக மேயும் மாடுகள் உண்டு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் அதற்குப் பெயர் கொறங்காடு. அந்த வட்டாரத்தின் வடக்குப் பக்கம் நொய்யல் ஆறு ஓடுகிறது. ஆற்றின் குறுக்கே 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது.

மேய்ச்சல் நிலம், நடுவில் ஒரு நீர்த்தேக்கம். இந்தப் பகுதியை நம் நாட்டு நிலவரைபடம் எப்படிக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

முதலில் டோப்போஷீட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இந்திய நில அளவைத் துறை (1767ல் ஆரம்பித்தது, அரசாங்கத் துறைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று) நாடு முழுவதையும் சதுரம் சதுரமாகப் பிரித்து வரைந்திருக்கும் படங்கள் அவை. 4 டிகிரிக்கு 4 டிகிரி ஒரு பெரிய சதுரம், அதற்கு ஒரு எண். அதை ஏ முதல் பி (ஆங்கில வரிசையில் பதினாறாவது எழுத்து) வரை பதினாறாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றையும் மறுபடி 1 முதல் 16 வரை பிரிப்பார்கள். கடைசியில் கிடைப்பது 15 நிமிடத்துக்கு 15 நிமிடம் உள்ள ஒரு தாள். அளவு 1:50,000. அதாவது தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. நம் ஊர் அட்சரேகையில் ஒரு தாளுக்குள் சுமார் 750 சதுர கிலோமீட்டர் அடங்கும்.

இந்த எண் வைக்கும் முறை புரிந்துவிட்டால் உங்கள் ஊர் எந்தத் தாளில் வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். இந்தப் பாலவாக்கம் 13 டிகிரி வடக்குக்குச் சற்றுக் கீழே, 80 டிகிரி 15 நிமிடம் கிழக்குக்குச் சற்று அந்தப் பக்கம். எனவே 66 டி/5. அடையாறு, மயிலாப்பூர் எல்லாம் மேலே 66 சி/8ல் போய்விடும். ஒரத்துப்பாளையம் 58 ஈ/12. காங்கேயம் ஊர் கிட்டத்தட்ட 11 டிகிரிக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் அதே தாளின் தெற்கு விளிம்பில் வரும். ஊரைத் தாண்டித் தெற்கே கொஞ்சம் போனால் தாள் மாறிவிடும், 58 எஃப்/9.

இதில் ஒரு வேடிக்கை. ரொம்ப காலம் வரைக்கும் பாலவாக்கத்துக்காரன் தன் ஊர் டோப்போஷீட்டைச் சாதாரணமாகக் கடையில் வாங்க முடியாது. காங்கேயத்துத் தாளை வாங்கலாம். கடற்கரையிலிருந்தும் நாட்டு எல்லையிலிருந்தும் சுமார் 80 கி.மீ.க்குள் வரும் தாள்களுக்குப் பாதுகாப்புக் கட்டுப்பாடு இருந்தது. 2005ல் தேசிய வரைபடக் கொள்கை வந்து, பொதுமக்களுக்கு ஒரு வரிசை, ராணுவத்துக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். 2017ல் பொது வரிசைத் தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்தார்கள். 2021ல் இன்னும் தளர்த்தினார்கள். மெரினாவில் நின்று சுண்டல் சாப்பிடும் ஆளுக்குத் தன் ஊர் மேப் கிடைக்க இவ்வளவு காலம் ஆயிற்று.

இத்தனைக்கும் இந்த அளவை வேலை தொடங்கியதே நம் வாசலில்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்க்கோட்டை அளந்தார். நீளம் ஏழரை மைல். அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால். பெட்டிக்குள் வைத்து, கீழே தாங்கு கொடுத்து, வெயிலில் நீண்டுவிடாமல் பார்த்து, மறுபடி மறுபடி நகர்த்தி, இரண்டு மாதம் கிட்ட ஆனது. பள்ளிக்கரணைச் சதுப்பின் மேற்கு ஓரமாகப் போகும் கோடு அது. இன்று அதே தூரத்தை பஸ்ஸில் போனால் வேளச்சேரி சிக்னல் புண்ணியத்தில் கொஞ்சம்தான் சீக்கிரம் :-)

அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே லாம்டன் மேற்கே போனார், பிறகு தெற்கே போனார். 1806ல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் இன்னொரு அடிக்கோடு. அங்கே அவர் நட்சத்திரம் பார்த்து அட்சரேகை கண்ட இடங்களில் ஒன்றின் பெயர் ஆங்கிலப் புத்தகங்களில் ஒரு மாதிரியாக எழுதப்பட்டிருக்கும். நம் வாயில் அது பச்சாபாளையம். அவர் கண்ட அட்சரேகை 10 டிகிரி 59 நிமிடம் 42 விநாடி. அதாவது 11 டிகிரிக் கோட்டுக்குக் கொஞ்சமே தெற்கே, காங்கேயம் இருக்கும் அதே வரிசையில். பூமியின் வடிவம் என்ன, அது எவ்வளவு தட்டை என்று உலகத்து அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கப் போட்ட கணக்குகளில் இந்தக் கொங்கு நாட்டுப் பெயர் தவறாமல் வரும்.

யோசித்துப் பாருங்கள். 200 வருடங்களுக்கு முன்னால் விநாடிக் கணக்கில் துல்லியமாக அளக்கப்பட்ட நிலம் இது. அளக்கவில்லை, ஆள் போகவில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. இதை மனதில் வைத்துக்கொண்டு கொறங்காட்டுக்கு வருவோம்.

கொங்குத் தமிழில் 'காடு' என்றால் வனம் இல்லை, வானம் பார்த்த புன்செய் நிலம். கிணற்றுப் பாசனம் இருந்தால் 'தோட்டம்', ஆற்று வாய்க்கால் இருந்தால் 'வயல்'. கொறங்காடு என்பது காட்டிலேயே ஒரு வகை. பயிர் வைக்காமல் புல்லுக்கென்றே விட்டுவைத்த பட்டா நிலம். வருடத்துக்கு 600 மி.மீ. அளவில்தான் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். மண் மெலிந்த சரளை. இந்த மண்ணில் வருடா வருடம் உழுது விதைத்து நட்டப்படுவதைவிடப் புல் வளர்த்து மாடு வளர்ப்பது மேல் என்று யாரோ எப்போதோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். நல்ல கணக்கு.

கொறங்காட்டின் உயிர் அதன் வேலி. கிளுவை மரக் குச்சியை வெட்டி வரிசையாக நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். முள் உண்டு. வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுக் கட்டை போல நிற்கும், ஒரு மழை பெய்தால் துளிர்க்கும். வருடங்கள் ஆக ஆக ஒன்றோடொன்று பின்னி ஆடு நுழைய முடியாத சுவர் ஆகிவிடும். கம்பி வேண்டாம், கல் வேண்டாம், காசும் வேண்டாம். உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல் மரம். நிழலுக்கு நிழல்; கோடையில் புல் தீர்ந்த பிறகு கீழே விழும் காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. மரம் கிடையாகப் படர்ந்து நிற்பதால் புல்லை மூடிவிடாது. ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, நுழையும் இடத்தில் ஒரு படல். காலையில் படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டால் சாயங்காலம் போய்ப் பார்த்தால் போதும். ஒரு காடு மேய்ந்து முடிந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள், முதல் காடு தேறிக்கொள்ளும். சில வருடங்களுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ போட்டு மறுபடி புல்லுக்கு விடுவதும் உண்டு. சொந்த மாடு இல்லாதவர்கள் காட்டைக் குத்தகைக்கு விடுவார்கள்.

இந்த நிலத்தில் உருவானதுதான் காங்கேயம் மாடு. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாத வாக்கில் நிறம் மாறிச் சாம்பல் ஆகும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பொலிகாளை வளர்த்துப் பெயர் வாங்கியது. ஆங்கிலேயர் காலத்துக் கால்நடை அதிகாரிகள் இதைத் தனியாகக் கவனித்திருக்கிறார்கள். 1936ல் லிட்டில்வுட் எழுதிய தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய புத்தகத்தில் காங்கேயம் மாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. 2017 ஜனவரியில் மெரினாவில் நாமெல்லாம் போய் நின்றோமே, அப்போது பதாகைகளிலும் ப்ரொஃபைல் படங்களிலும் திமிலோடு நின்றது பெரும்பாலும் இந்த மாடுதான். அது என்ன தின்று வளர்ந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

இப்போது டோப்போஷீட்டுக்கு வாருங்கள். தாளின் ஓரத்தில் குறியீடுகளின் பட்டியல் இருக்கும். பழுப்புக் கோடு கான்டூர், 20 மீட்டருக்கு ஒன்று. சிவப்பு சாலையும் குடியிருப்பும். மஞ்சள் சாகுபடி நிலம். பச்சை மரமடர்ந்த நிலம். நீலம் தண்ணீர். வற்றிப்போகும் ஓடையைக் கறுப்பில் போடுவார்கள், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பனைக்குத் தனிக் குறி, மூங்கிலுக்குத் தனி, வாழைக்குத் தனி. கோயில், மசூதி, சர்ச், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், சுடுகாடு எல்லாம் உண்டு. புல்லுக்கும் புதருக்கும்கூடக் குறி உண்டு.

வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்குக் குறி கிடையாது.

மஞ்சளாகவும் இல்லாமல் பச்சையாகவும் இல்லாமல் எஞ்சுவது வெள்ளை. சாகுபடியும் இல்லை, காடும் இல்லை என்றால் வெறும் இடம் என்று அர்த்தம். கொறங்காடு இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஒரு வருடம் உழுதிருந்தால் மஞ்சளில் சேரலாம், இல்லாவிட்டால் வெள்ளையில் சேரலாம். கொறங்காடாக எந்த வருடமும் சேர வழி இல்லை.

"அவ்வளவு சின்ன விஷயத்தை எப்படியப்பா மேப்பில் போடுவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், கணக்குப் போட்டே பார்ப்போம். 5 ஏக்கர் கொறங்காடு ஒன்றைச் சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சுமார் 142 மீட்டர். 1:50,000 தாளில் அது 2.8 மில்லிமீட்டர், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. தனித்தனியாக வரைவது கஷ்டம்தான். ஆனால் இப்படிப்பட்ட காடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மைல் கணக்கில் போகின்றன. பகுதியாகச் சேர்த்து ஒரு நிறம் கொடுத்திருக்கலாமே? ஒவ்வொரு பனை மரத்தையும் எண்ணியா பனைக் குறி போட்டார்கள்?

அமெரிக்காவைப் பாருங்கள். அவர்களுடைய பழைய 1:24,000 தாள்களில் டெக்சாஸ் மாதிரி மாட்டு நாட்டில் காற்றாலையில் ஓடும் தண்ணீர் பம்புக்குக் குறி உண்டு, மாட்டுக் கொட்டடியைப் பெயர் போட்டுக் காட்டுவார்கள், வேலிக் கோட்டுக்குச் சிவப்பில் மெல்லிய கோடு உண்டு. இங்கிலாந்தின் 1:25,000 தாள்களில் ஒவ்வொரு வயலின் எல்லையும் தெரியும். அவர்கள் மேப்பின் அளவு பெரிசு, அது ஒரு காரணம். வேலி என்பது சொத்து, சொத்து என்பது முக்கியம் என்ற எண்ணம் இன்னொரு காரணம். அதே ஆங்கிலேயர் இங்கே வந்து வரைந்தபோது ராணுவம் நடக்கும் பாதையும் வரி தரும் பயிரும் தண்ணீர் கிடைக்கும் இடமும் முக்கியமாயின. மேய்ச்சல் காட்டுக்கு ஏன் குறி வைக்கவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியும் காரணம் இவ்வளவுதான்: அவர்கள் தேடிப் போன எதுவும் அங்கே இல்லை.

வேலிக் கோடு வேறொரு மேப்பில் இருக்கிறது. வருவாய்த் துறையின் புலப்படம். பத்திரம் பதிய, பட்டா மாற்ற தாலுகா ஆபீஸ் போனவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம், மூலைக்கு மூலை அளவு. கொறங்காட்டின் கிளுவை வேலி பெரும்பாலும் இந்தச் சர்வே எல்லை மேலேயேதான் நிற்கும். ஆனால் புலப்படத்தில் மேடு பள்ளம் இல்லை, புல் மரம் இல்லை. அந்தக் கோடு உயிருள்ள வேலியா வெறும் வரப்பா என்று அது சொல்லாது. பதிவேட்டில் 'புன்செய்' என்று மட்டும் இருக்கும். ஆக ஒரு துறையிடம் நிலம் இருக்கிறது, இன்னொரு துறையிடம் வேலி இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

டோப்போஷீட்டில் ஊர்ப்பெயர்கள் மட்டும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். அந்தப் பக்கத்துத் தாளில் 'வலசு' என்று முடியும் ஊர்கள், 'பட்டி' என்று முடியும் ஊர்கள் நிறைய. வலசை போவது என்றால் இடம் பெயர்ந்து போவது. பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கும் இடம். எல்லாப் பட்டியும் மாட்டுப் பட்டியாகத்தான் ஆரம்பித்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் வெள்ளையாக விட்ட நிலத்தின் மேலேயே இந்தப் பெயர்களை அச்சடித்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

வெள்ளையாக விட்டால் என்ன நஷ்டம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. வெள்ளை நிலம் அடுத்த பட்டியலுக்குப் போகும்போது 'தரிசு' ஆகிவிடும். 2000ல் மத்திய அரசு செயற்கைக்கோள் படங்களையும் டோப்போஷீட்டுகளையும் வைத்து இந்தியத் தரிசு நிலங்களுக்கென்று ஒரு அட்லஸே வெளியிட்டது. பிறகு புதுப்பித்தும் வந்தது. அதில் புதர் நிலம், தரம் குறைந்த மேய்ச்சல் நிலம் எல்லாம் தரிசு வகைகள். புல்வெளி பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் இதை எதிர்த்து நிறைய எழுதியிருக்கிறார்கள். தரிசு என்று பெயர் விழுந்த நிலத்தில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அது 'முன்னேற்றம்' ஆகிவிடும்.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ஈ.சி.ஆரிலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடலாம், பள்ளிக்கரணை. மழைத் தண்ணீர் தங்கும், புல் முளைக்கும், சுற்றுப்பட்டு ஊர் மாடுகள் மேயும் சதுப்பு நிலம். பயிர் இல்லை, வரி இல்லை, எனவே பயனற்ற நிலம். அதன் மேல் குப்பை கொட்டினார்கள், ரயில் நிலையம் கட்டினார்கள், அலுவலக வளாகங்கள் எழுந்தன. 2007ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நடுவில் 2015 டிசம்பர் வந்து, அந்த 'பயனற்ற' நிலம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று வேளச்சேரி முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுப் போனது.

பள்ளிக்கரணைக்குக் குரல் கொடுக்கப் பறவை பார்ப்பவர்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் இருந்தன. கொறங்காடு தனியார் பட்டா நிலம். விற்றால் விற்றதுதான். தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை, காற்றாலை, மனைப்பிரிவு என்று போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு போயிற்று என்று பழைய டோப்போஷீட்டையும் புதிய டோப்போஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லலாம் என்றால் முடியாது. முதலில் குறித்திருந்தால்தானே பிறகு குறைந்தது தெரியும்?

இனி அணைக்கு வருவோம். இது வெள்ளையின் கதை இல்லை, நீலத்தின் கதை.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. பழைய ஆறு, பழைய வழி. சேரநாட்டுக் கரையிலிருந்து கரூருக்கு வணிகர்கள் வந்த பாதை இந்த ஆற்றை ஒட்டித்தான் போனது. பாசிமணியும் இரும்பும் செய்த சங்க காலத்துக் கொடுமணல் இதே 58 ஈ/12 தாளின் மேற்கு விளிம்பில்தான் இருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணைக்கு மிக அருகே.

அணையைக் கட்டியது பாசனத்துக்கு. ஈரோடு, கரூர் பக்கம் பத்தாயிரம் ஏக்கர் அளவுக்குத் தண்ணீர் கொடுப்பது திட்டம். 1992ல் அணை தயார். அதே வருடங்களில் மேலே திருப்பூரில் பனியன் ஏற்றுமதி எகிறிக்கொண்டிருந்தது. பனியனுக்குச் சாயம் வேண்டும், சாயத்துக்கு உப்பு வேண்டும், கழுவின தண்ணீர் நொய்யலுக்குப் போகும். 90களின் நடுவிலேயே அணையில் தேங்கி நின்றது சாயக்கழிவு. பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், தயவுசெய்து திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. அணை கட்டிய ஊர்களில் இப்படி ஒரு கோரிக்கையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

1996ல் கரூர் விவசாயிகள் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. பிறகு நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் போனார்கள். பாதிப்பை மதிப்பிட அமைத்த ஆணையம் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. 2006ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அணையைச் சுத்தம் செய்யும் செலவையும் சாயப்பட்டறைகளே ஏற்க வேண்டும் என்றார்கள். அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28ல் திருப்பூரின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு மாறிய பிறகே மறுபடி திறக்கலாம் என்பது நிபந்தனை. திருப்பூரில் வேலை போனவர்களின் கஷ்டம் தனிக் கதை, அதையும் யாராவது எழுத வேண்டும். நாம் போட்டிருக்கும் டி-ஷர்ட்டுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது மேப்பில் இந்த அணையைத் தேடுங்கள். ஒவ்வொரு டோப்போஷீட்டின் ஓரத்திலும் எந்த வருடம் அளந்தது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மேப் வாசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். 1992க்கு முன்னால் அளந்த பதிப்பாக இருந்தால் அணை இருக்க முடியாது. ஆறு மட்டும் போகும். பின்னால் புதுப்பித்த பதிப்பில் நீர்த்தேக்கம் இடம் பிடிக்கும். நீர்த்தேக்கத்துக்கு நிறம் நீலம். சாயக்கழிவு நின்ற காலத்திலும் விதிப்படி அது நீலம்தான். குடிக்க முடியுமா, மாடு வாய் வைக்குமா என்பதற்கெல்லாம் நிறம் கிடையாது. சட்டப்படி பார்த்தால் மேப்பில் தவறே இல்லை. அங்கே திரவம் இருந்தது உண்மை.

கொறங்காடும் அணையும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. டோப்போஷீட்டில் அது ஒரு குட்டி வட்டம்: கிணறு. இந்தக் குறியை நம்மவர்கள் ரொம்ப அக்கறையாகப் போட்டிருப்பார்கள். கொங்குப் பகுதித் தாள்களில் வட்டங்கள் கடுகு தூவியது போல இருக்கும். மழையில் முளைக்கும் கொழுக்கட்டைப் புல்லுக்குக் கிணறு தேவை இல்லை. வெள்வேலுக்கும் கிளுவைக்கும் தேவை இல்லை. தொட்டியில் ஊற்ற மாட்டுக்குத் தேவை. அணையைச் சுற்றிய ஊர்களில் உப்பேறியது இந்தக் கிணறுகள்தான். நஷ்டஈட்டுக் கணக்கு என்று வரும்போது பயிர் போன நிலத்தைத்தான் முதலில் அளப்பார்கள். புல் பச்சையாக நின்றுகொண்டே பக்கத்துத் தொட்டி வீணாய்ப்போனால் அது எந்தக் கட்டத்தில் ஏறும்? மேய்ச்சல் என்றே எங்கும் எழுதாத ஒரு காட்டில், மேய்ச்சல் போயிற்று என்று எதை வைத்துக் காட்டுவது? இந்தக் கேள்வியை மேப் பார்த்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்துத்தான் இவ்வளவு நீளம் எழுதிவிட்டேன்.

உங்களிடம் கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு வேலை செய்து பாருங்கள். கூகிள் எர்த்தில் காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் போய் இறங்கி, மெதுவாகத் தெற்கே வெள்ளகோவில், மூலனூர் பக்கம் நகருங்கள். பழைய படங்களைக் காட்டும் வசதியில் மாசி, பங்குனி மாதப் படமாகத் தேர்ந்தெடுங்கள். புல் காய்ந்து தரை வெளுத்திருக்கும். அதன் மேல் கறுப்பு நூல் கட்டம் கட்டமாகப் போகும். அதுதான் கிளுவை வேலி. கட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக நிழல் விழுந்திருக்கும், அது வெள்வேல். லாம்டனின் சங்கிலிக்கு அகப்படாதது, ஒரு அங்குல மேப்பிலும் 1:50,000 மேப்பிலும் இடம் கிடைக்காதது, மேலிருந்து எடுத்த வெறும் போட்டோவில் விழுந்திருக்கிறது. போட்டோவுக்கு எது முக்கியம் எது முக்கியம் இல்லை என்று தெரியாது, அது ஒரு வசதி.

பல வருடத்துப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் சில கட்டங்களில் புள்ளிகள் மறைந்து, பச்சை நட்சத்திரம் நட்சத்திரமாக நேர் வரிசை வரும். தென்னை. சில கட்டங்களில் வேலிக் கோடே அழிந்து, குறுக்கும் நெடுக்கும் வெள்ளைப் பாதைகள் போட்டிருக்கும். அது மனைப்பிரிவு. கோடைப் படமும் கார்த்திகைப் படமும் இரண்டையும் பாருங்கள். கோடையில் மட்டும் பார்த்தால் பழைய சர்வேயர் மாதிரி நீங்களும் இதைத் தரிசு என்றே முடிவு கட்டிவிடக்கூடும்.

யாருக்காவது காங்கேயம், தாராபுரம் பக்கம் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் காட்டின் சர்வே எண்ணையும், அதற்குள் எத்தனை வெள்வேல் நிற்கிறது, வேலி யார் காலத்தில் நட்டது, தொட்டித் தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். புலப்படத்தின் ஒரு நகல் வாங்கி அதன் மேலேயே பென்சிலில் குறித்தால் இன்னும் நல்லது. கிளுவை வேலி வயசு கேட்டால் பெரும்பாலும் "எங்கய்யன் நட்டது" என்றுதான் பதில் வரும். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.